முதலாளியம்மா கத்துவா

ஏண்டி, அந்த போர்டு கத ஒனக்கு எதுக்கு? பெரம்பலூர்ல துணிக்கட தொறக்கப் போற, வேலைக்கு நல்ல ஆளா வரணும், அதுக்கு என் உசுர வாங்க வந்துட்டியா? நாலாங்கிளாஸோட நின்னவகிட்ட வந்து விளம்பரம் எழுதச் சொல்லிக் குடுன்னு கேக்குறியே, வெக்கமா இல்ல? சரி, ஒக்காரு. வெத்தலய மடிச்சுக் குடு, சொல்லித் தொலைக்கிறேன்.

அரியலூர்ல சிமெண்டு லாரி நிக்கிற ரோட்டுல ஏம் மருமக மெஸ்ஸு வச்சிருக்கால்ல, அதுல சமைச்சுக்கிட்டு இருந்த மாஸ்டர் துபாய்க்குப் போயிட்டாரு. அப்பறம் அவளே அடுப்புல நின்னா, அவளே எல போட்டா, கை பூரா சூட்டுத் தழும்பு. எங்க வூட்டுல ஒல கொதிக்கிறதே அந்தக் கடையாலதான். இந்த மாசத்துக்குள்ள ஆள் கெடைக்கலன்னா கடையவே மூடிர வேண்டியதுதான்னு அழுவாத கொறையா சொன்னா.

ஆள் தேடாமயா இருந்தா? வாசல்ல போர்டு மாட்டுனா. 'அனுபவமும் சுறுசுறுப்பும் பொறுமையும் உள்ள மாஸ்டர் தேவை. நல்ல சம்பளம். குடும்பத்தில் ஒருவராகப் பார்த்துக்கொள்வோம்.' வந்தானுவ பாரு ஆளுங்க! ஒருத்தன் வெங்காயம் உரிச்சா கண்ணு எரியுதுன்னு போயி படுத்துக்கிட்டான். இன்னொருத்தன் சுறுசுறுப்புதான், சாப்புட்டதும் சுறுசுறுப்பா கெளம்பிட்டான். மிச்சம் இருந்தவனெல்லாம் மருமக போட்ட மொத சத்தத்துலயே பஸ் ஏறிட்டான். கூட்ட நேரத்துல அவ போடுற சத்தம் விக்கிரமங்கலம் வரைக்கும் கேக்கும்டி.

எனக்கு அப்பத்தான் குறும்பு வந்துச்சு. அவ சந்தைக்குப் போன நேரம் பாத்து போர்டு எழுதுற பையனக் கூப்புட்டு, நான் சொல்றத அப்புடியே எழுதுடான்னேன். 'சமைக்க ஆள் வேணும். மீன் கொழம்பு நல்லா வைக்கத் தெரியணும். காலையில ஏழு மணிக்கு வரணும், சாயங்காலம் நாலு மணி பஸ்ஸுக்கு வுட்டுருவோம். ஞாயித்துக்கெழம லீவு. சம்பளம் சொன்ன தேதிக்கு வரும். மத்தியானம் கூட்டத்துல முதலாளியம்மா கத்துவா. மனசுல வச்சுக்க மாட்டா.'

"அம்மாயி, இத எழுதுனா ஒன் மருமவ என்னய வெட்டிரும்"னான்.

"மொதல்ல என்னயத்தாண்டா வெட்டுவா, அதுக்குள்ள நீ ஓடிரலாம், எழுது"ன்னேன்.

மருமக வந்து படிச்சா. "யாரு எழுதுனது? நான் கத்துறனா? நானா கத்துறேன்?"னு போட்டா பாரு ஒரு சத்தம், லாரிக்காரனெல்லாம் எறங்கி வந்து போர்டயும் அவளயும் மாத்தி மாத்திப் பாத்தானுவ. "எழுதுனது சரிதாங்க்கா"ன்னான் ஒருத்தன். ஈரத்துணியக் கொண்டாந்து தேச்சுப் பாத்தா. பெயிண்டு காஞ்சு போச்சு.

அந்த வாரமே தா.பழூர்லேந்து ஒருத்தி வந்து எறங்குனா. கல்யாண வூட்டுல சமைச்ச கை. அவ வச்ச மீன் கொழம்பு வாசத்துக்கு எதுத்த கடைக்குப் போனவன் பாதியில திரும்பி வந்துட்டான். "ஊருல எத்தினியோ மெஸ்ஸு இருக்க, இங்க ஏம்மா வந்த?"ன்னு கேட்டேன்.

"குடும்பத்துல ஒருத்தின்னு சொன்ன எடத்துலயெல்லாம் வூட்டுக்குப் போவ வுடாம பாத்திரமும் கழுவ வச்சாங்கம்மா. இங்கதான் எத்தன மணிக்கு பஸ் ஏறலாம்னு போட்டிருக்கு. கத்துறதயே மறைக்காதவங்க சம்பளத்துலயா ஏமாத்தப் போறாங்க?"ன்னா.

அவளும் லேசுப்பட்டவ இல்லடி. மருமக "சோறு எங்க?"ன்னு கத்துனா, "வெந்தாத்தானே வரும், நீங்க வந்து ஊதுங்க"ன்னு திருப்பிக் கத்துறா. ரெண்டு பேரு சத்தத்தயும் கேட்டாத்தான் லாரிக்காரனுவளுக்கு இப்ப பசியே எடுக்குது. கடைய மூடுறேன்னவ, பக்கத்துக் கடையயும் சேத்து வாடகைக்கு எடுத்துப் போட்டுட்டா.

தெருவுல இருக்கவளுவ சும்மா வுடுவாளுவளா? "ஏம் பெரியம்மா, சொந்த மருமவளயே கத்துறவன்னு ஊரறிய போர்டு போட்டியாமே?"ன்னு கேட்டாளுவ.

"ஆமாண்டி, போட்டேன்"னேன். "இவளப் பொண்ணு பாக்கப் போனப்ப தரகன் என்னா சொன்னான் தெரியுமா? 'ஊமையோன்னு நெனப்பீங்க, அம்புட்டு அமைதி'ன்னான். அந்த விளம்பரத்த நம்பி ஏமாந்தவ நான். சமைக்க வர்றவளுக்கும் அந்தக் கதி வரணுமா?"