கட்சிக்காரம்மாவின் சொந்த வழக்கு

என் அக்கா ஒரு சட்டக் கல்லூரியில் கழிவறை கழுவுகிறவள். மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் கட்சிக்காரம்மா.

அங்கே இலவச சட்ட உதவி மையம் ஒன்று உண்டு. ஏழைகளின் வழக்குகளைக் கவனித்து மாணவர்கள் தொழில் பழகும் இடம். வழக்கோடு வரும் நிஜக் கட்சிக்காரரிடம் விடுவதற்கு முன்னால் பொய்க் கட்சிக்காரர் ஒருவரிடம் பேசிப் பழக வேண்டுமாம். அதற்கு அகப்பட்டவள் அக்கா. பேராசிரியர் ஒரு கதை சொல்லிக்கொடுப்பார். ஒரு வருடம் புருஷன் துரத்திவிட்ட மனைவி, மறு வருடம் வீட்டுக்காரன் பூட்டுப் போட்டுவிட்ட குடித்தனக்காரி. அக்காவும் மூக்கைச் சிந்திச் சிந்திச் சொல்வாள். ஒவ்வொரு பிள்ளையும் பாடம் பண்ணி வைத்த ஒரு வரியோடுதான் ஆரம்பிக்கும்: "நீங்க சொல்றது எதுவும் இந்த ரூமை விட்டு வெளியே போகாதும்மா." அதை வீட்டில் நடித்துக்காட்டி எங்களைச் சிரிக்க வைப்பாள். "பொய் அழுகைய எல்லாம் காலேஜோட வச்சுக்கடி" என்பார் மாமா.

போன மழைக்காலத்தில் கழிவறை ஆசிட் அவள் கையில் கொட்டியது. கையுறை கேட்டு மாதக்கணக்காக அலைந்தவள் அவள். வலது கையில் மூன்று விரல்கள் இப்போது மடங்காது. துடைப்பம் பிடிக்க முடியாதவள் எதற்கு? மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டது கல்லூரி. "நீ கான்ட்ராக்டர் ஆளு, எங்க ஆளில்ல" என்றார் மேலாளர். கான்ட்ராக்டர் போனையே எடுக்கவில்லை.

தன் வழக்கை மையத்தில் எடுத்துக்கொள்ளச் சொல்லி அக்கா பேராசிரியரிடம் போனாள். அதே கல்லூரி கேன்டீனில் வேலை பார்க்கும் நானும் கூடப் போனேன்.

"நம்ம காலேஜ் மேலயே நாம எப்படிம்மா கேஸ் போட முடியும்?" என்றார். நாங்கள் வாசலைத் தாண்டுவதற்குள் மறுபடி கூப்பிட்டார். "வியாழக்கிழமை பரீட்சைக்கு மட்டும் மறக்காம வந்துடுங்க. பசங்களுக்கு உங்ககிட்ட பேசித்தான் பழக்கம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கிள்ளிவிட்டு, அந்தப் பிள்ளையையே தாலாட்டும் பாடச் சொல்கிறவர்களை அன்றுதான் பார்த்தேன்.

"போகாதக்கா" என்றேன்.

"போவேன்" என்றாள்.

மானங்கெட்டவளே என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

பரீட்சைக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு ஓய்வுபெற்ற நீதிபதி. அவருக்கு டீ கொண்டுபோன சாக்கில் கதவோரம் நின்றுவிட்டேன். முதல் மாணவி அந்த வரியைச் சொல்லிவிட்டு, "உங்க பிரச்சனை என்னம்மா?" என்றாள். அக்கா கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து, கையை மேஜைமேல் வைத்தாள். இந்தத் தடவை மூக்கைச் சிந்தவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

அந்தப் பெண் கெட்டிக்காரி. ஆசிட் வாங்கிக் கொடுத்தது யார், வேலை ஏவினது யார், கையுறை கேட்டதற்குச் சாட்சி உண்டா என்று தோண்டித் தோண்டிக் கேட்டாள். தேர்வாளர் தலையாட்டிக்கொண்டே மார்க் போட்டார்.

"எந்த நிறுவனம்மா?"

"இந்தக் காலேஜ்தாம்மா."

மாணவியின் பேனா நின்றுவிட்டது. பேராசிரியர் எழுந்தார். "நாங்க குடுத்த கதைய சொல்லுங்கம்மா."

"இத்தனை வருஷமா அதத்தான சார் சொன்னேன். என் கதைய கேக்க ஒரு ஆள் தரமாட்டேன்னுட்டீங்க. இன்னிக்கு நீங்களே வரிசையா அனுப்புறீங்க."

"போதும், நீங்க கிளம்புங்க."

அக்கா அசையவில்லை. தேர்வாளர் டீயைக் கீழே வைத்தார். அவர் முகமும் கடுகடுவென்று இருந்தது. "பரீட்சை நடத்துறது நான். அடுத்த ஆள வரச் சொல்லுங்க."

அடுத்து வந்த பையனுக்கு உள்ளே நடந்தது எதுவும் தெரியாது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"வணக்கம்மா. நீங்க சொல்றது எதுவும் இந்த ரூமை விட்டு வெளியே போகாது."

"போகணும் தம்பி" என்றாள் அக்கா. "அதுக்குத்தான் வந்திருக்கேன்."