மாப்பிள்ளைக் காரின் பின்சில்லு

கழுவி நிறுத்தி மூன்று நாளான காரை இன்று காலை எடுக்கப் போனேன். அது நகரவில்லை. மருமகன் குனிந்து பார்த்துவிட்டு, "மாமா, கழுவிப்போட்டு ஹேண்ட் பிறேக்க இழுத்து உட்டீங்களா?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். பின்சில்லில் ஈரக் கறள், இரும்புத் துரு, மணத்தது. அந்த மணம் என்னை எண்பதுகளின் தொடக்கத்துக் கல்முனைக்குக் கொண்டுபோய் விட்டது.

அப்போது நான் ஒரு முதலாளியின் வாடகைக் காரை ஓட்டினேன். ஓட்டியதைவிடக் கழுவியதே அதிகம். எங்கள் பக்கத்தில் கலியாணமென்றால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும், ஆகவே காருக்கும் சோடனை உண்டு. என் மச்சானுக்கு அட்டாளைச்சேனையில் கலியாணம். இரண்டு நாள் முன்பே சில்லுகளுக்குள்ளும் வாளி வாளியாகத் தண்ணீர் அடித்து, ஹேண்ட் பிறேக்கை இறுக இழுத்து, கடதாசிப் பூ ஒட்டி, யாரும் தொடக்கூடாதென்று நிறுத்திவிட்டேன். கடற்காற்று வேறு.

மாப்பிள்ளை ஏறினார். ஹேண்ட் பிறேக்கை விடுவித்தேன். கார் முனகியது, பின்பக்கம் குந்தியது, நகரவில்லை.

முந்தின வாரம் பிறேக் பார்த்தவர் காரைதீவில் கராஜ் வைத்திருந்த சிவராசா அண்ணன். கலியாணத்துக்கு வெள்ளை வேட்டியில் வந்து நின்றார். என் வாய் சும்மா இருக்குமா?

"அண்ணன் இறுக்கின இறுக்கலப் பாருங்க!" என்றேன், எல்லோருக்கும் கேட்க.

அவர் அந்த வேட்டியோடு காருக்கடியில் மல்லாந்தார். பிறேக் கம்பியை அசைத்துப் பார்த்தார். "தம்பி, கம்பி தளந்துதான் கிடக்கு. சில்லு டிரம்முக்குள்ள பிறேக் கறள் பிடிச்சு ஒட்டியிருக்கு." சுத்தியலால் டிரம்மைச் சுற்றித் தட்டினார். டக்கென்று விட்டது. எழும்பி என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "கழுவிப்போட்டு ஹேண்ட் பிறேக்க இழுத்து உட்டீங்களோ?"

பக்கத்தில் முதலாளி நின்றார். ஓம் என்றால் என் வேலை போய்விடும்.

"இல்லயே" என்றேன்.

"இனிமே வேற கராஜுக்குக் கொண்டு போ" என்றார் முதலாளி, அண்ணனின் காதுபடவே.

எங்கள் ஆட்கள் ஏறிய வான் வண்டியில் அண்ணன் ஏறவில்லை. சைக்கிளில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவரைக் காரைதீவுச் சந்திக்கு முன்னால் முந்தினேன். அவரைத் திரும்பிப் பார்க்கவும் வெட்கமாக இருந்தது. விருந்தில் சஹன் என்ற பெரிய தட்டு ஒன்றின் சோற்றுக்கு ஆறு பேர் சுற்றி உட்காருவது வழக்கம். எங்கள் சஹனில் ஐந்து பேர்தான்.

ஒருநாள் போய்ச் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். சைக்கிளில் போகிற தூரம்தானே. பெருநாள் வந்தது, வெள்ளாமை வெட்டு வந்தது, பிறகு தமிழ்-முஸ்லிம் கலவரத்தில் அந்த ரோட்டில் போகவே நாங்கள் பயந்த காலமும் வந்தது. அது ஓய்ந்து போய்ப் பார்த்தபோது, கராஜ் இருந்த இடம் வெறும் வளவு. அண்ணன் குடும்பம் எங்கே போனதென்று சொல்லவும் ஆளில்லை.

காலையில் மருமகனிடம் எவ்வளவு சுலபமாக "ஓம்" என்றேன். அன்று அதைச் சொல்லியிருந்தால் எங்கள் சஹனில் ஆறு பேர் இருந்திருப்போம்.