பெண் வீட்டு இலையில் ஒரு வாய்

அண்ணனுக்குப் பெண் பேசப் பொன்னமராவதி போகிறோம் என்றதும் எனக்கு வந்த முதல் கவலை பெண்ணைப் பற்றியது அல்ல. அங்கே என்ன எண்ணெயில் சமைப்பார்கள் என்பதுதான்.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் முடிவாகும்வரை பெண் வீட்டில் சாப்பிட மாட்டார்கள். பேசி முடித்து, மாப்பிள்ளை வீட்டார் இலையில் கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம்.

நான் வீட்டிலிருந்து வேலை செய்யும் மென்பொருள் பொறியாளர். எதையும் வரிசைப்படுத்தினால்தான் மனம் அடங்கும். சாப்பாட்டில் முதலில் சீனியை விட்டேன். பிறகு மைதா, வெள்ளை அரிசி, கடை எண்ணெய். கடைசியில், என் கண் முன்னால் சமைக்காத எல்லாவற்றையும். சொந்தக்காரர்கள், “நல்லா எளைச்சிட்டியே, எங்களுக்கும் சொல்லிக் குடு” என்றபோது பெருமையாக இருந்தது. கொத்தாக முடி உதிர்ந்ததையும் மாதவிலக்கு நின்றுபோனதையும் யாரிடமும் சொல்லவில்லை.

அன்று பையில் வரகுச் சோறு எடுத்து வைத்தேன். அம்மா பிடுங்கிக்கொண்டாள். “பொண்ணு பேசப் போற வீட்டுக்குக் கட்டுச்சோறு கொண்டுபோறவ நீ ஒருத்திதான்டி.”

பேச்சு நல்லபடியாக முடிந்து இலை போட்டார்கள். சாம்பார், அப்பளம், நெய் மினுங்கும் கேசரி. எல்லோரும் சாப்பிடத் தொடங்கினார்கள். நான் விரலை நீட்டுவேன், மடக்குவேன். அப்பளம் பொரித்த எண்ணெய் ஏற்கனவே காய்ச்சியதாக இருக்குமோ?

பரிமாறிக்கொண்டிருந்த பெண்ணின் அத்தை நின்றுவிட்டார். “என்னங்க, நாத்தனா மட்டும் கை நனைக்கல?”

“டயட்டுங்க அது” என்று அம்மா சிரித்தாள்.

“ஒரு வாய் வச்சா டயட்டு கோவிச்சுக்குமா? புடிக்கலைன்னா இப்பவே சொல்லிருங்க. நாளைக்கு எங்க புள்ள அங்கிட்டு வந்து கண்ணக் கசக்கக் கூடாது.”

பெண்ணின் அப்பா கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தார். அண்ணன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. கேசரியைத் தொட்டேன். நெய் பட்டதும் கை அப்படியே நின்றுவிட்டது.

“பொண்ண எனக்கு ரொம்பப் புடிச்சிருக்குங்க” என்றேன். “சாப்பிடத்தான் பயமா இருக்கு. எங்க வீட்டுலயும் அப்படித்தான். வேணும்னு செய்யல.”

அம்மாவின் சிரிப்பு மறைந்தது. அத்தை என் மணிக்கட்டைப் பார்த்தார்; கழன்று விழுவதுபோல் வளையல் தொங்கியது. உள்ளே போனவர் மோர்ச் சட்டியோடு வந்து, என் இலையில் ஒரு பிடி சோறு வைத்து ஊற்றினார்.

“எங்க மாட்டு மோருதான். முடிஞ்சதச் சாப்பிடு தாயி.”

ஒரு வாய் விழுங்கினேன். சுற்றிலும் மறுபடி பேச்சுச் சத்தம் எழுந்தது.

திரும்பும்போது காரின் முன் இருக்கையிலிருந்து அம்மா கேட்டாள்: “எங்கிட்ட ஏன்டி சொல்லல?”

அந்த ஒரு வாய்க்கு ஈடாக ராத்திரி எதை விடலாம் என்று என் தலைக்குள் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த முடியவில்லை.

“நாளைக்கு டாக்டரப் பாக்கலாம்மா” என்றேன்.