என் மரக்கரண்டியும் வால்டெமாரின் தொடையும்

நான் ஒருநாளும் வால்டெமாரை அடிக்கவில்லை. அவனே தன்னை அடித்துக்கொண்டான். கரண்டி மட்டும்தான் என்னுடையது. பக்கத்து வீட்டு ஒஃபேலியாவிடம் இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டுவிட்டது.

"குடியிருக்கிறவனை நீ போட்டு மொத்துறதா தெருவே பேசுது, தெல்மிரா. பளார் பளார்னு அடியும் அலறலும் சுவர் தாண்டிக் கேக்குதே!"

"கேட்டா காதைப் பொத்திக்கோ. நாப்பது தாண்டின ஆம்பளை. அவன் தொடை, அவன் இஷ்டம்."

வால்டெமார் என் மாடி அறையில் இருந்தான். எங்கள் மொந்தெவிதேயோ நகரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை. யாரிடமும் 'வேண்டாம்' என்று சொல்லத் தெரியாதவன். முடிவெட்டுகிறவன் ஒரு பக்கத்தை மொட்டையடித்தாலும் நன்றி சொல்லிவிட்டு வருவான். என் பயறுக் குழம்பை முகம் சுளிக்காமல் தின்ற ஒரே ஜீவன். நான் பெற்ற பிள்ளைகளே அதை நாய்க்கு வைப்பார்கள், நாயும் யோசிக்கும்.

ஒருநாள் அவன் காலில் கன்றிய தடத்தைப் பார்த்துவிட்டேன். "எவன் அடிச்சான்? வீட்டைக் காட்டு!" என்று துடைப்பத்தைத் தூக்கினேன். அவன் முகம் சிவக்க எல்லாவற்றையும் சொன்னான். மிர்தா என்று ஒருத்தி, நீச்சல் கற்றுக்கொடுப்பவள். அவள் தோல்வாரால் அடிப்பதும் இவன் வாங்கிக்கொள்வதும் இருவருக்குமே பிடித்திருந்தது. எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு செய்வது. தாங்க முடியாவிட்டால் 'பூசணி' என்று சொல்ல வேண்டும். சொன்னதும் அவள் கை நின்றுவிடும். தூக்கிய துடைப்பத்தை என்ன செய்வதென்று தெரியாமல் நான் தரையைப் பெருக்கினேன்.

இன்னும் அதிகம் தாங்கினால் அவள் மகிழ்வாள் என்றுதான் அந்தக் கரண்டிப் பயிற்சி. சதைப்பிடிப்பான இடத்தில் மெல்லத் தொடங்குவான். மூச்சை வெளியே விட்டபடி கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்டுவான். இதென்ன பெரிய வித்தை என்று நானும் என் தொடையில் ஒன்று போட்டேன். ஒஃபேலியா கேட்ட அலறல் என்னுடையது. அதை அவளிடம் ஒத்துக்கொள்ள மானம் இடம் கொடுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மிர்தாவே வாசலில் வந்து நின்றாள்.

"நேத்து இவர் முகம் வெளுத்துப்போச்சும்மா. அப்பவும் சிரிச்சுக்கிட்டே இருக்கார். அந்த வார்த்தையைச் சொல்லவே மாட்டேங்கறார். நிறுத்துன்னு சொல்லத் தெரியாத ஆள்மேல நான் கை வைக்க மாட்டேன். இதோட விட்டுடலாம்."

அவள் போனதும் அவன் குழந்தை மாதிரி அழுதான். "தாங்கத்தானே பழகினேன், பெரியம்மா!"

"தப்பானதைப் பழகியிருக்கே, மடையா."

அன்றிலிருந்து பாடம் என் சாப்பாட்டு மேசையில். தட்டில் குழம்பை ஊற்றினேன். "பூசணின்னாத்தான் நிறுத்துவேன்." தின்றான். மறுபடி ஊற்றினேன். எனக்கும் பிடிவாதம் கொஞ்சமா? அவனுக்கு வியர்த்தது, விழி பிதுங்கியது. "ரொம்ப ருசி, பெரியம்மா" என்றான். இப்படியே பல நாள். கடைசியில் மேசையை ஓங்கித் தட்டினான்.

"பூசணி! பூசணி! உப்புக் கரிக்குது, அடிப்பிடிச்ச நாத்தம் வேற! இனி ஒரு வாய் உள்ள போகாது!"

நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். மாறாக, குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அடுக்களைக் கதவை அறைந்து சாத்தினேன்.

அவன் மிர்தாவிடம் போய், "இப்ப எனக்குச் சொல்ல வருது" என்று மட்டும் சொன்னானாம். அவள் அரைமனதாகச் சம்மதித்தாளாம். அடி விழத் தொடங்கிய சீக்கிரமே 'பூசணி' என்று சொல்லிவிட்டானாம். அவளும் அக்கணமே நிறுத்தி, போர்வை போர்த்தி, தண்ணீர் கொடுத்தாளாம். திரும்பி வந்தவனின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பரீட்சையில் தேறிய பையன்கூட அந்த முகத்திடம் தோற்றுப்போவான்.

குளிர்காலம் முடியுமுன் அவள் வீட்டுக்கே குடிபோகக் கிளம்பினான்.

"இந்த மாசம் முடியட்டுமேடா."

"இல்ல பெரியம்மா. இன்னிக்கே போறேன்."

மன்னிப்பும் கேட்கவில்லை, காரணமும் சொல்லவில்லை. என் கன்னத்தில் முத்தமிட்டான். பெட்டி கனத்ததால் இரண்டு கையும் அவனுக்கு வேண்டியிருந்தது. கதவை நான்தான் திறந்துவிட்டேன்.