ஒரே கணக்கில் எட்டுக் குடும்பம்

எங்கள் அறையில் எட்டுக் கட்டில், எட்டுப் பேர், ஒரே ஒரு மேதாவி. வெல்டர் வேலை பார்ப்பவர். சிக்கனம் என்று பட்டப்பெயர். கூப்பிடும்போது மட்டும் மரியாதைக்கு ஓர் அண்ணனைச் சேர்த்துக்கொள்வோம். பற்பசைக் குழாயைக் கத்தரியால் வெட்டி, உள்ளே ஒட்டியிருப்பதை வழித்தே மூன்று நாள் ஓட்டுகிறவர். பதினாறு வருடமாக இந்த நாட்டில் இரும்பைப் பற்றவைத்துக்கொண்டிருக்கிறார். பெற்ற மகளை அதில் ஆறு தடவை பார்த்திருக்கிறார்.

ஊருக்குப் பணம் அனுப்ப ஒவ்வொரு தடவையும் வங்கி ஒரு கட்டணம் பிடிக்கும். மூன்று டீ குடிக்கலாம், அவ்வளவுதான். அது அவர் கண்ணை உறுத்தியது.

"எட்டுப் பேரும் தனித்தனியா எதுக்குடா அழணும்? எல்லாத்தையும் என் கணக்குல போட்டு, ஒரே தடவையா உங்க அண்ணிக்கு அனுப்பிடறேன். அவ அங்கேருந்து பிரிச்சு விட்டுருவா."

உலகத்தில் வேறு எவனுக்கும் தோன்றாத யோசனை என்று அவருக்கு நினைப்பு. அதற்குத் தலையாட்டிய எங்கள் ஏழு பேரின் அறிவைப் பற்றி என்ன சொல்ல? மூன்று டீ மிச்சம் என்றதும் வாயைப் பிளந்துகொண்டு சம்பளத்தை நீட்டினோம். மாதாமாதம் அவர் பணம் போடும் இயந்திரத்தின் முன்னால் நின்று, கசங்கிய நோட்டுகளைத் தொடையில் வைத்து நீவி நீவிப் போடுவார். பின்னால் வரிசை பல்லைக் கடிக்கும்.

ஒன்றரை வருடம் கழித்து அந்தக் கணக்கை முடக்கிவிட்டார்கள். எங்கள் அந்த மாதச் சம்பளம் முழுவதும் அதில் கிடந்தது. அவர் மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்து, வியாழக்கிழமைக்குள் கட்ட வேண்டிய பணமும் அதிலேயே கிடந்தது. அண்ணியின் நகை ஏற்கெனவே அடகுக் கடையில்.

திங்கட்கிழமை வங்கிக்கு ஓடினார். ஒரு வெல்டர் எப்படி எட்டுச் சம்பளம் அனுப்பலாம் என்று அதிகாரி கேட்டாராம். ஒன்றரை வருடம் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டபோது அந்தச் சந்தேகம் வரவில்லை போலிருக்கிறது. பணத்துக்குச் சொந்தக்காரர்கள் ஏழு பேரும் அடையாள அட்டையோடு நேரில் வந்து எழுதிக்கொடுத்தால் அன்றைக்கே திறந்துவிடுவதாகச் சொல்லி அனுப்பினார்.

"நாளைக்குக் காலையில ஒரு மணி நேரம் வந்தாப் போதும்பா" என்றார் அண்ணன்.

"அரை நாள் சம்பளத்தப் பிடிச்சுருவானே" என்றான் எலக்ட்ரீஷியன்.

"கையெழுத்துப் போட்டா நம்ம கணக்கையும் முடக்கிருவாங்களாம்" என்றான் டிரைவர்.

யார் சொன்னது என்று ஒருவனும் கேட்கவில்லை. அந்தப் புரளி எல்லோருக்கும் வசதியாக இருந்தது. எப்படியும் அண்ணனே அலைந்து எங்கள் பணத்தையும் மீட்டுவிடுவார் என்று நினைப்பு. நான் வயிற்றுவலி என்றேன். நம்ப வேண்டுமே என்று வயிற்றைக்கூடப் பிடித்துக்கொண்டேன். இதற்கு மேல் கேவலமாக ஒருவன் நடிக்க முடியாது.

எங்கள் வீட்டுப் பெண்கள் மட்டும் சும்மா இருக்கவில்லை. "எங்க பணம் என்னாச்சுக்கா?" என்று அண்ணியை ஃபோனில் துளைத்தெடுத்தார்கள். என் மனைவி ஒரு நாளைக்கு மூன்று தடவை.

புதன்கிழமை அவர் என்னிடம் தனியாக வந்தார். "நீ ஒருத்தனாச்சும் வாயேன். உன்னப் பாத்தா மத்தவங்களும் வருவாங்க."

"பாக்கலாம்ணே" என்று ஃபோனைத் தடவிக்கொண்டிருந்தேன்.

வியாழன் போனது. அந்த இடம் காத்திருந்த வேறொரு பெண்ணுக்குப் போய்விட்டது. துணி துவைக்கும் குழாயடியில் நின்று அவர் மகளிடம் பேசியது எனக்குக் கேட்டது. "பேங்க்குல ஏதோ கோளாறும்மா. அடுத்த வருஷம் சேந்துக்கலாம்." எங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் என் வீட்டில் அரிசி வாங்கப் பணமில்லை என்று ஃபோன் வந்தது. மற்ற வீடுகளிலிருந்தும் அதே பாட்டு. உடனே எங்கள் ஏழு பேருக்கும் சுறுசுறுப்பு வந்துவிட்டது. அரை நாள் லீவு போட்டு, சலவைச் சட்டை மாட்டிக்கொண்டு வங்கியில் வரிசையாக நின்றோம். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. எவன் கணக்கையும் யாரும் முடக்கவில்லை.

வெளியே வந்ததும் எலக்ட்ரீஷியன் கேட்டான்: "இவ்வளவுதானாண்ணே வேலை?"

"இவ்வளவுதான்பா" என்றார் அவர். "அன்னைக்கும் இவ்வளவுதான்."