பதினேழாம் நம்பரில் நான் வைத்த வெல்டிங்

நான் வாயைத் திறக்காததால் ஒரு நல்ல மனிதருக்கு வேலை போனது. ஆண்டவர் எனக்குச் செய்த உதவியைச் சொல்ல வேண்டுமென்றால் அந்த அசிங்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் இதைச் சொல்ல எழுந்தபோது பாதிக்கு மேல் சொல்ல முடியவில்லை. மீதியை எழுதித் தருகிறேன் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அதனால் முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் சேவியர். வயது நாற்பத்தொன்று. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகளுக்கு வெல்டிங் வைத்துப் பிழைத்தவன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. இந்தத் தொழிலை எந்த வகுப்பிலும் உட்கார்ந்து நான் படிக்கவில்லை. கண் எரிந்து, கை சுட்டு, திட்டு வாங்கித்தான் வந்தது. பிறகு மீன் பதனிடும் கம்பெனி ஒன்றில் குழாய் வேலைக்குப் போனேன். அங்கே ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஷெட்டுக்குப் போய், கழித்துப் போட்ட குழாய்த் துண்டுகளை வைத்து ஆர்கான் வெல்டிங் பழகினேன். செல்போனில் வீடியோவை ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்திப் பார்ப்பேன். ஒட்டிய துண்டை நடுவே அறுத்து, உள்ளே ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பேன். இருக்கும். மறுபடி ஒட்டுவேன். மூன்று வருடத்தில் ஓட்டை இல்லாமல் ஒட்ட வந்துவிட்டது.

ஆனால் சான்றிதழ் இல்லை. பெரிய துறைமுகத்துக்குள் எண்ணெய்க் குழாயில் கை வைக்க வேண்டுமென்றால் வெல்டருக்குச் சான்றிதழ் வேண்டும். அதற்கான டெஸ்ட் ஐடிஐ படித்தவர்களுக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால், "நீ என்ன படிச்சிருக்க?" என்று திருப்பிக் கேட்பார்களே என்ற வெட்கம். ஆண்டவரிடம் மட்டும் கேட்டேன். பத்தொன்பது வருடம், ஒவ்வொரு தவக்காலத்திலும், "எனக்கு ஒரு சான்றிதழ் கிடைக்க வழி காட்டும்" என்று முழங்காலில் நின்று கேட்டேன். எழுந்து போய் ஒரு மனிதரிடம் விசாரிக்க மட்டும் தோன்றவில்லை. என் அறிவு அவ்வளவுதான்.

இரண்டு வருடத்துக்கு முன்பு துறைமுகத்துக்குள் குழாய் போடும் வேலை ஒன்று வந்தது. நான் ஹெல்பராகச் சேர்ந்தேன். கிரைண்டர் பிடிப்பது, குழாயைத் துடைப்பது, இதுதான் என் வேலை. எனக்கு ஜோடியாகப் போட்ட வெல்டர் மீரான் காக்கா. காயல்பட்டினத்துக்காரர், ஐம்பத்து நாலு வயது; அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். வளைகுடா நாடுகளில் இருபது வருடத்துக்கு மேல் குழாய் வேலை பார்த்து வந்தவர். எங்கள் துறைமுக வேலையில் ஒவ்வொரு வெல்டருக்கும் ஒரு நம்பர் உண்டு. ஒட்டி முடித்ததும் ஜாயிண்டுக்குப் பக்கத்தில் பெயிண்டால் நம்பரை எழுத வேண்டும். காக்காவின் நம்பர் பதினேழு.

கடற்கரையில் ஆர்கான் வெல்டிங் வைப்பதில் ஒரு தொல்லை உண்டு. காற்றடித்தால் வெல்டிங்கைக் காக்கும் ஆர்கான் கேஸ் பறந்துவிடும், வெல்டிங்கில் பொத்தல் விழும். அதனால் ஒவ்வொரு ஜாயிண்டையும் தார்ப்பாயால் சுற்றிலும் மூடிக்கொண்டு, உள்ளே வெல்டரும் ஹெல்பரும் மட்டும் உட்காருவோம். வெளியிலிருந்து பார்த்தால் வெளிச்சம் தெரியும். ஆள் தெரியாது.

முதல் வாரமே காக்காவின் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டேன். டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடிப்பார். ஒரு நாள் தார்ப்பாய்க்குள் வெல்டிங் டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏலே சேவியரு, நீ கம்பெனில ஆர்கான் வச்சிருக்கேன்னு சொன்னேல்லா. இத நீ வையி. வெளிய சொல்லாத."

வைத்தேன். முடித்ததும் அவர் உள்ளே விளக்கடித்துப் பார்த்தார். நடுங்கும் கையால் பதினேழு என்று எழுதினார்.

அப்படி எட்டு மாதம் ஓடியது. அவரிடம் சான்றிதழ் இருந்தது, கை இல்லை. என்னிடம் கை இருந்தது, சான்றிதழ் இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் இதை ஒரு தடவையும் சொல்லவில்லை. சொன்னால் நிறுத்த வேண்டியிருக்கும் என்று தெரிந்ததால்தான் சொல்லவில்லை.

ஆடி மாதம் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை ஆடிக்காற்று பேய்க்காற்றாக அடித்தது. நான் முதல் வரிசை வெல்டிங்கை வைத்துக்கொண்டிருக்கும்போது தார்ப்பாயின் ஒரு முனை அவிழ்ந்து தூக்கிக்கொண்டது. கேஸ் கலைந்து வெல்டிங் பொரிந்ததைக் கண்ணால் பார்த்தேன். அந்த இடத்தில் பொத்தல் விழுந்திருக்கும் என்று தெரியும். தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி வைக்க வேண்டும். காக்கா வெளியே முனையைக் கட்டப் போயிருந்தார். சூப்பர்வைசர் அந்தப் பக்கம் நின்று சீக்கிரம் முடிக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். நான் தேய்க்கவில்லை. மேலே அடுத்த வரிசையை வைத்து மூடிவிட்டேன். மேல்பக்கம் பார்க்க அழகாக இருந்தது. காக்காவிடமும் சொல்லவில்லை. அவர் வந்து நம்பரை எழுதினார்.

ஜாயிண்டைச் சோதிக்க எடுத்த எக்ஸ்ரே படத்தில் அந்த இடம் கறுப்புப் புள்ளிகளாக வரிசையாக விழுந்திருந்தது. வெல்டிங்கைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர் ஒரு பெண். ஸ்ரீவைகுண்டத்துக்காரர், முப்பது வயதுதான் இருக்கும். கண்டிப்பானவர். பதினேழாம் நம்பர் வெல்டர் தன் கண்முன்னே ஒரு துண்டு ஒட்டிக் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

எல்லோரும் சுற்றி நின்றோம். காக்கா உட்கார்ந்தார். டார்ச்சின் முனை குழாயில் மூன்று தடவை இடித்தது. நாலாவது தடவை அவரே டார்ச்சைக் கீழே வைத்துவிட்டார்.

"பாய், இத்தன நாளு யாரு வச்சது?" என்று மேடம் கேட்டார்.

"நாந்தான்."

"கூட இருக்கது யாரு?"

"அவன் கிரைண்டர் பிடிக்கவன் மேடம். அவனுக்கு இதுல ஒண்ணும் தெரியாது."

நான் நாலடி தள்ளி நின்றேன். என் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கே அவருடைய கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போகும்போது காக்கா என்னைப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டினார். பேசாதே என்று அர்த்தம். நானும் பேசவில்லை.

பிறகு வந்த மூன்று வாரத்தை எப்படிச் சொல்வேன். என்னை வேறொரு வெல்டரோடு போட்டார்கள். சோறு இறங்கவில்லை. காயல்பட்டினம் வரைக்கும் பேச்சு போய்விட்டது. மீரான் கள்ளச் சான்றிதழை வைத்துத்தான் இத்தனை வருடம் வெளிநாட்டில் சம்பாதித்திருக்கிறான் என்று பேசினார்களாம். இருபது வருடம் நேர்மையாக உழைத்த மனிதர். பள்ளிவாசலுக்குப் போவதைக்கூடக் குறைத்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். போன் செய்தால், "நீ ஒம் பொழப்பப் பாருலே" என்று வைத்துவிடுவார்.

நான் நவநாள் செபம் சொன்னேன். வெள்ளிக்கிழமை ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்தேன். "ஆண்டவரே, காக்காவின் பெயரைக் காப்பாற்றும்" என்று தினமும் கேட்டேன். ஒரு நாள் சாயங்காலம் வீட்டில் செபமாலை முடிந்ததும் இதையே சத்தமாகக் கேட்டேன். என் மனைவி மெர்சிக்கு எல்லாம் தெரியும். அவள் செபமாலையைச் சுருட்டி வைத்துக்கொண்டே சொன்னாள்:

"ஆண்டவர்ட்ட கேக்கீகளே, அத நீங்களே குடுக்கலாமே. வாயத் தொறந்தா போதும்லா."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உனக்கென்ன தெரியும், வேலை போனால் நீயா சோறு போடுவாய் என்று கத்திவிட்டு வெளியே போய்விட்டேன். கத்தினேனே தவிர, அவள் சொன்னது சரி என்று தெருமுனை போவதற்குள் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலைப் பூசைக்குப் போனேன். கடைசி வரிசையில் முழங்காலிட்டேன். அன்றைக்குச் சான்றிதழ் கேட்கவில்லை. காக்காவுக்காகவும் கேட்கவில்லை. "எனக்குப் பயமாக இருக்கிறது. என் வாயை மட்டும் திறந்துவிடும்" என்று கேட்டேன். அவ்வளவுதான். அழுகைகூட வரவில்லை.

பூசை முடிந்து நேராக மேடத்தின் அலுவலகத்துக்குப் போனேன். எப்படி ஆரம்பித்தேன் என்று நினைவில்லை. பதினேழாம் நம்பர் ஜாயிண்டுகளை ஒட்டியது நான். அந்தப் பொத்தலைத் தெரிந்தே மூடியதும் நான். காக்காவின் சான்றிதழ் உண்மையானது, கைதான் போய்விட்டது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நான் பேசியது எனக்கே யாரோ பேசுவதுபோலக் கேட்டது.

மேடம் நான் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு ஒரு ஃபைலைத் திறந்தார்.

"பதினேழாம் நம்பர் ஜாயிண்டுல முப்பத்தெட்டப் பொறுக்கி எக்ஸ்ரே எடுத்துட்டேன். கெட்டது அந்த ஒண்ணுதான். பாயோட அந்தக் கையால இத வச்சிருக்க முடியாது. யாரு வச்சதுன்னு மூணு வாரமாத் தேடுதேன்."

மேடம் ஃபைலை மூடினார்.

"நீ ஏன் டெஸ்ட் குடுக்கல?"

"நான் எட்டாவதுதான் மேடம். ஐடிஐ எல்லாம் படிக்கல."

"படிப்ப யாரு கேட்டா? பீஸ ஒட்டிக் காட்டணும். எக்ஸ்ரேல தேறணும். அவ்வளவுதான்."

அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். சந்தோஷத்தில் இல்லை. பத்தொன்பது வருடமாகத் திறந்து கிடந்த கதவுக்கு முன்னால் நின்று திறக்கச் சொல்லி அழுதிருக்கிறேன். யாராவது ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நான் என் நம்பரிலேயே வேலை பார்த்திருப்பேன். காக்கா தலைகுனிந்து போயிருக்க மாட்டார். அந்த நினைப்பில்தான் அழுதேன்.

மேடம் இரக்கப்பட்டு விட்டுவிடவில்லை. என் கேட் பாஸையும் வாங்கிக்கொண்டார். நான் சொன்னதை எழுதிக் கையெழுத்து வாங்கினார். ஆனால் அவர் அனுப்பிய அறிக்கையில், மீரான் காக்காவின் சான்றிதழ் சரியானது, நோயால் கை நடுங்குகிறது என்று தெளிவாக எழுதியிருந்தார். அதன் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி, நானே காயல்பட்டினம் கொண்டுபோய் அவர் மகனிடம் கொடுத்தேன். காக்கா அன்றைக்கு என்னைப் பார்க்க வெளியே வரவில்லை.

ஆறு வாரம் மறுபடியும் படகு வேலை. வேலை முடிந்ததும் ஒரு குழாயைச் சாய்த்துக் கட்டி வைத்துப் பழகினேன். பிறகு டெஸ்டுக்குப் போனேன். ஆதார் அட்டையும் இரண்டு போட்டோவும் கேட்டார்கள். மார்க் ஷீட் கேட்கவில்லை. குழாயைச் சாய்வாகப் பூட்டி வைத்திருந்தார்கள். அதைத் திருப்பக் கூடாது. நாம்தான் சுற்றி வந்து, அடிப்பக்கம் குனிந்து, மேல்பக்கம் எட்டி ஒட்ட வேண்டும். ஒருவர் பக்கத்திலேயே நின்று பார்ப்பார்.

எட்டு மாதம் தார்ப்பாய்க்குள் ஒளிந்து வெல்டிங் வைத்தவன் நான். ஆள் பார்க்க வைத்துப் பழக்கமில்லை. டார்ச்சை எடுத்ததும் என் கை நடுங்கியது. காக்காவின் கை நடுங்கியதுபோலவே நடுங்கியது. கண்ணாடிக்குள் கண்ணை மூடிக்கொண்டேன். "ஆண்டவரே, கையைப் பிடித்துக்கொள்ளும்" என்றேன். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. இதை யாரும் நம்பாவிட்டாலும் பரவாயில்லை. என் கை எனக்குத் தெரியும்.

அடிப்பக்கம் வரும்போது சின்னதாக ஒரு பொத்தல் விழுந்தது. மூடிவிட்டால் மேலே தெரியாது. நான் நிறுத்தினேன். "சார், இங்கன ஒரு பொத்தல் விழுந்துட்டு. தேய்ச்சு எடுத்துக்கலாமா?" என்று கேட்டேன். அவர் குனிந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன்.

அடுத்த வாரம் பாஸ் என்று சொன்னார்கள். என் பெயர், என் போட்டோ, நான் ஒட்டிய குழாயின் அளவு, எல்லாம் ஒரே தாளில். அதை எடுத்துக்கொண்டு முதலில் மாதா கோவிலுக்குப் போனேன். அடுத்து காயல்பட்டினத்துக்கு பஸ் ஏறினேன்.

இந்தத் தடவை காக்கா வெளியே வந்தார். மெலிந்திருந்தார். நரம்பு நோய் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மாத்திரை உண்டு, குணமாவது கஷ்டம். நான் மன்னிப்புக் கேட்டேன். "டார்ச்ச எடுத்து ஒங் கைல குடுத்தது நாந்தானே" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. சான்றிதழை வாங்கிப் பார்த்தார். தாள் அவர் கையில் படபடவென்று ஆடியது. அவரால் ஓர் எழுத்தைக்கூடப் படிக்க முடியவில்லை. என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"நீயே வாசி."

வாசித்தேன்.

"இன்னொரு தடவ வாசிலே."

மறுபடி வாசித்தேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது அதே துறைமுகத்தில், புதிய கேட் பாஸோடு, வெல்டராக இருக்கிறேன். என் நம்பர் முப்பத்தொன்று. ஒவ்வொரு ஜாயிண்டுக்கும் நானே எழுதுகிறேன். பொத்தல் விழுந்தால் நானே போய்ச் சொல்கிறேன். மாதம் ஒரு முறை பாவசங்கீர்த்தனம் செய்கிறேன். மெர்சியிடம் கத்துவது குறைந்திருக்கிறது, நின்றுவிட்டது என்று சொன்னால் அவளே சிரிப்பாள். ஆண்டவர் என் செபத்தைக் கேட்டார், கொடுத்தார். அவருக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் போதாது.

சகோதர சகோதரிகளே, உங்களுக்கும் வருடக்கணக்காகக் கேட்டும் கிடைக்காத ஒன்று இருக்கலாம். செபத்தை விடாதீர்கள். அதோடு எழுந்து போய், வெட்கப்படாமல், தெரிந்தவர் ஒருவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். மறைத்து வைத்தது ஏதாவது இருந்தால் சொல்லிவிடுங்கள். பயமாகத்தான் இருக்கும். அந்தப் பயத்தையும் அவரிடமே சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று கேட்கிறேன். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. இனி எனக்காகச் செபிக்க வேண்டாம். காயல்பட்டினத்தில் மீரான் என்று ஒருவர் இருக்கிறார். அவருக்காகச் சொல்லுங்கள். ஒரு கிளாஸ் டீயைச் சிந்தாமல் குடிக்கும் அளவுக்காவது அவர் கை நிற்க வேண்டும். அந்த செபத்துக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.