நாட்டை ஆண்ட டீச்சர்

கணவருக்குச் சர்க்கரை ஆலையில் வேலை கிடைத்ததால் ஆப்பிரிக்காவில் ஒரு சின்ன நாட்டுக்குப் போனோம். உலகப் படத்தில் கட்டைவிரலை வைத்தால் அந்த நாடே மறைந்துவிடும். அங்கே ஓர் அரசுப் பள்ளியில் ஒன்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஆசிரியர் அறையில் பக்கத்து மேசைக்காரி என் தோழியானாள். வரலாறு நடத்தினாள்.

எங்கள் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குக் கழிவறை கிடையாது. மனு எழுதி எழுதி அலுத்துப்போய், ஒருநாள் பிள்ளைகளின் அம்மாக்களைத் திரட்டிக்கொண்டு அதிகாரியின் அலுவலகத்துக்கு நடந்தே போனாள். சாயங்காலம் வரை யாரும் எழுந்திருக்கவில்லை. கழிவறை வந்தது. அடுத்த தேர்தலில் நகரசபைக்கு நின்று ஜெயித்தாள். சுவரொட்டி ஒட்டியது எங்கள் அறிவியல் ஆசிரியர், சைக்கிளில் பசை வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு.

பிறகு நாடாளுமன்றத் தேர்தலில் ஒருமுறை தோற்றாள். மறுநாள் காலை முதல் மணிக்கே வகுப்பில் இருந்தாள். அடுத்த முறை ஜெயித்து மந்திரியானாள். அவளுடைய கட்சியில் இரண்டு பெரியவர்கள் நாட்டின் தலைமைப் பதவிக்கு அடித்துக்கொண்டார்கள். கொஞ்ச நாள் பொம்மையாக இருக்கட்டும் என்று இவளை உட்காரவைத்தார்கள். பொம்மை ஐந்து வருடம் நாட்டை ஆண்டது. அவள் தலைவியாகும் முன்பே நாங்கள் புதுக்கோட்டைக்குத் திரும்பிவிட்டோம். அவள் பதவியேற்றதை மார்க்கெட்டில் கத்திரிக்காய்க் கடை முன்னால் நின்று போனில் பார்த்தேன். கண் கலங்கி, மிச்சம் வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவள் ஆட்சியின் நான்காவது வருடம் அங்கே ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவள் யாரையும் கூப்பிட்டுப் பேசவில்லை. முன்னணியில் நின்றவர்களை வேலையிலிருந்து நீக்கினாள். அதில் அறிவியல் ஆசிரியரும் ஒருவர். அன்றிலிருந்து அவள் அனுப்பிய செய்திகளுக்கு நான் பதில் போடவில்லை. அடுத்து வந்த தேர்தலில் அவள் தோற்றபோதுகூட ஆறுதலாக ஒரு வார்த்தை எழுதவில்லை.

சில மாதம் கழித்து ஒரு வரி வந்தது. “உன் ஊரைப் பார்க்க வரலாமா?”

வா என்று எழுதினேன். திருச்சி விமான நிலையத்தில் ஒரே ஒரு பெட்டியோடு நின்றாள். முடி நரைத்திருந்தது.

மறுநாள் பக்கத்து வீட்டு அம்மா அதிரசம் கொண்டுவந்தார். “டீச்சர், இவங்க அங்கிட்டு என்ன வேலை பாத்தாங்க?” என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். “பள்ளிக்கூட வாத்தியார் என்று சொல், போதும்” என்றாள் அவள். எனக்கு மனம் வரவில்லை.

“அந்த நாட்டுக்கே தலைவியா இருந்தாங்க.”

அந்த அம்மா அவளையும் அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியையும் பார்த்தார். “அப்ப வேற நாற்காலி போடுங்க டீச்சர். இதுக்குக் கால் ஆடுதுல்ல” என்றார். பிறகு, “இப்ப இல்லீங்களா?” என்றார்.

“எலெக்‌ஷன்ல தோத்துட்டாங்க.”

“எங்க நாத்தனாரு பஞ்சாயத்து எலெக்‌ஷன்ல தோத்து ஒரு மாசம் வாசலுக்கே வரல. இவங்க பாருங்க, எம்புட்டுத் தூரம் வந்திருக்காங்க. அதிரசம் இன்னொண்ணு எடுத்துக்கச் சொல்லுங்க.”

சொன்னேன். அவள் இரண்டு எடுத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் காலையில் நார்த்தாமலைக்குப் போனோம். பாறையில் ஏறி, கோயிலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, சுவரின் நிழலில் உட்கார்ந்தோம். கீழே குளத்தில் யாரோ துணி துவைக்கும் சத்தம் மேலே வரை கேட்டது. ஒரு வருடத்துக்கும் மேலாக மனதுக்குள் வைத்திருந்ததை அங்கேதான் கேட்டேன்.

“நம் அறிவியல் ஆசிரியரை ஏன் நீக்கினாய்?”

“அவர்கள் கேட்டதைக் கொடுக்க அரசாங்கத்திடம் பணம் இல்லை. எதிரே உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்தால் சரி என்று சொல்லிவிடுவேன். அதனால்தான் கூப்பிடவில்லை. கையெழுத்துப் போட்டேன்.”

“இல்லை என்பதையாவது நேரில் சொல்லியிருக்கலாம்.”

“ஆமாம். பயந்துவிட்டேன்.”

பதவியின் கடைசி வாரத்தில் எல்லோரையும் திரும்ப வேலையில் சேர்த்தாளாம். அவர் மட்டும் வரவில்லை. பதவி போனபிறகு அவர் வீட்டுக்குப் போயிருக்கிறாள். தேநீர் கொடுத்தார், மழையைப் பற்றிப் பேசினார், வாசல் வரை வந்து அனுப்பிவைத்தார். “திட்டியிருந்தால் தேவலை” என்றாள்.

கடுமையாகச் சொல்ல நிறைய யோசித்து வைத்திருந்தேன். அதற்குப் பதில் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினேன். வாங்கிக் குடித்தாள். வெயில் ஏறுவதற்குள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம்.

ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனாள். ஊருக்குப் போய்ப் பழையபடி நகரசபைக்கே நின்றாள். நாட்டை ஆண்டவள் குப்பை லாரிக்கு ஓட்டுக் கேட்கிறாள் என்று பத்திரிகைகள் சிரித்தன. அறிவியல் ஆசிரியர் எதிரணிக்காகப் பிரசாரம் செய்தார். “கூட்டத்தின் ஓரத்தில் நின்று அவர் பேச்சைக் கேட்டேன். நன்றாகத்தான் பேசுகிறார்” என்று எழுதியிருந்தாள்.

கொஞ்ச வாக்குகள் வித்தியாசத்தில் ஜெயித்தாள். போன வாரம் பேசும்போது குரலில் பழைய உற்சாகம் இருந்தது. பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுகிறது என்று மனுவோடு அந்த அறிவியல் ஆசிரியரே வந்தாராம்.

“உட்காருங்கள் என்றேன். உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம் பேசினோம். பாதிக்கு மேல் சண்டைதான்” என்றாள்.